பாதத்தின் வர்ணம்: கழுவுகிறோம், காண்கிறோமா?

கணுக்காலின் கறுப்பு, புறங்காலின் வெள்ளை, விரல் நுனியின் நீலம்: இவற்றில் எது தழும்பு, எது நோய், எது ஆபத்து?

மருதமுனையில் தொடங்கி, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரையில் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் நம்முடைய ஊர்களில், மனிதனுடைய பாதம் படுகின்ற பாடு கொஞ்சமல்ல. கரைவலை இழுப்பவனுடைய கால் உவர்நீரிலும் சுடுமணலிலும், வட்டைக்குப் போகிறவனுடைய கால் முழங்கால்மட்டும் சேற்றிலும், தறியில் அமர்ந்தவனுடைய கால் மிதிபலகையிலும், கடையில் நிற்பவனுடைய கால் சீமெந்துத் தரையிலுமாக வருஷக்கணக்கில் உழைத்துத் தேய்கின்றன. இவ்வளவுக்கும் மேலாக, தொழுகையாளியான ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து வேளையும் ஒழூச் செய்து, குதிகால் நனையாமல் விடுவோரைக் கண்டிக்கின்ற நபிமொழியை நினைவிற்கொண்டு, கணுக்கால் வரையில் அந்தப் பாதத்தைச் சுத்தமாகக் கழுவுகிறார். இத்தனை பயபக்தியோடு கழுவப்படுகின்ற அந்த அவயவத்தை ஒரு கணம் நின்று நோக்குகின்றவர்களோ மிகச் சிலர்.

நோக்கியவர்களும், கணுக்காலில் கறுப்புப் படிந்திருக்கிறது, புறங்காலில் வெள்ளை விழுந்திருக்கிறது, பெருவிரல் நீலம் பாரித்திருக்கிறது என்று கண்டவுடனே, பாமசியில் ஒரு களிம்பு வாங்குவதிலும், அயல் வீட்டார் சொன்ன எண்ணெயைத் தடவுவதிலும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த வெளுக்கவைக்கும் கிறீமைப் பூசுவதிலும் மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். பாதத்தில் நிறமாற்றம் என்பது ஒரு தனி வியாதியின் பெயரன்று. தொழில், வழிபாடு, செருப்பு, இரத்தவோட்டம், சீனி வருத்தம், கிருமி என்று வெவ்வேறு காரணங்கள் ஒரே இடத்தில் காட்டுகின்ற அடையாளம் அது. காரணம் இன்னதென்று அறிந்தபின் பெரும்பாலான கறுப்புகளுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பதும், மிகச் சிலவற்றுக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது என்பதும் தெளிவாகும்.

நம்முடைய சருமத்துக்கு வர்ணம் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். தோலின் அடித்தளத்திலுள்ள சில விசேஷ உயிரணுக்கள் அதை உற்பத்தி செய்து மேலேயுள்ள அணுக்களுக்கு விநியோகிக்கின்றன. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இவ்வணுக்களின் தொகையில் பெரிய வேற்றுமை கிடையாது. அவை செய்கின்ற உற்பத்தியிலேதான் வேற்றுமை. உராய்வு, சொறிதல், சூடு, புண், அழற்சி ஆகிய எந்தத் தொந்தரவு நேர்ந்தாலும் நம்முடைய தோல் அதிகமான மெலனினைச் சுரந்து பதிலளிப்பதனால், நுளம்புக் கடி ஆறியபின்னும் அதன் கறுப்பு மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது.

தொழிலும் தொழுகையும் இட்ட தழும்பு

நம் ஊர்களில் வயதானவர்களின் கால்களிலே மிகச் சாதாரணமாகக் காணப்படுகின்ற கறுப்பு, நோயினால் உண்டானதன்று. தொழுகையில் அத்தஹிய்யாத்து இருப்பிலே இடது பாதத்தை மடித்துக் கிடத்தி அதன்மேல் அமர்கிறோம். வலது பாதத்தை விரல் ஊன்றி நிறுத்துகிறோம். கடைசி இருப்பிலே, ஷாபிஈ மத்ஹபின் முறைப்படி, இடது பாதத்தை வலப்புறமாக வெளியே செலுத்திப் பிருஷ்டத்தைத் தரையில் வைத்து அமர்கிறோம். இரு நிலைகளிலும் பாயோடு அழுந்துவது இடது காலின் வெளிக்கணுவும் அதையடுத்த புறங்காலுமே. ஆகையால் நாற்பது ஐம்பது வருஷம் விடாமல் தொழுத ஒருவரின் இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வலது கணு வழுவழுப்பாக இருக்க, இடது வெளிக்கணுவில் மட்டும் ஒரு காசளவுக்குத் தோல் கறுத்து, தடித்து, குறுக்கும் நெடுக்குமாக ரேகைகள் ஆழ்ந்து கிடப்பதைக் காணலாம். சவூதி அரேபியாவின் சரும வைத்தியர்கள் 2002 ஆம் ஆண்டில் நெற்றியிலும் முழங்காலிலும் கணுவிலும் உண்டாகின்ற இத்தொழுகைத் தழும்புகளைப் பற்றி ஆராய்ந்து எழுதியபோது, இவை ஆண்களிடத்தும் முதியவர்களிடத்தும் அதிகம் என்றும், இடைவிடாத அழுத்தத்துக்குத் தோல் தருகின்ற பதிலே என்றும் விளக்கியிருக்கிறார்கள்.

சம்மணமிட்டு அமர்ந்து பன்பாய் இழைக்கின்ற பெண்மணிகளுக்கும், தரையிலமர்ந்து வலை பொத்துகின்ற மீனவர்களுக்கும் இதே கறுப்பு இரண்டு கணுக்களிலும் தோன்றும். வெயிலில் நடக்கின்றவர்களுக்குச் செருப்பு வார் மறைத்த இடம் வெளுத்தும் மற்றைய இடம் கறுத்தும் இருப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இத்தகைய தழும்புக்குச் சிகிச்சை எளிது. தடித்த விரிப்பின்மேல் தொழுவதும் அமர்வதும் முதற்காரியம். தடித்த தோலை மென்மையாக்க, யூரியா நூற்றுக்குப் பத்து முதல் இருபது வீதம் சேர்ந்த களிம்பையோ, வைத்தியர் குறிக்கும் அளவில் சாலிசிலிக் அமிலம் சேர்ந்த களிம்பையோ உபயோகிக்கலாம். பூச்சு இருந்தால் ஒழூவின் நீர் தோலில் படாதே என்று அஞ்சி மருந்தை இடையிலே விட்டுவிடுவோர் நம்மிடையே பலர். இஷாத் தொழுகைக்குப்பின் பூசி, சுபஹுக்கு எழுந்து கழுவிவிட்டால் தொழுகைக்கும் இடையூறில்லை, மருந்துக்கும் ஓர் இரவு முழுவதும் அவகாசம் கிடைக்கும். மேற்றோலில் படிந்த கறுப்பு மங்குவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை செல்லலாம். உள்தோலில் இறங்கியது இன்னும் அதிக காலம் நிற்கும். ஆனால் சீனி வருத்தம் உள்ளவரின் கணுத் தழும்பு வெடித்தாலும், வீங்கினாலும், அதிலிருந்து நீர் கசிந்தாலும், அதைத் தழும்பென்று விட்டுவிடலாகாது.

செருப்பு, மருதோண்டி, களிம்பு

நாம் பாட்டா என்று பொதுப்பெயரிட்டு வழங்குகின்ற இறப்பர்ச் செருப்பு, ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவான நண்பனே எனினும், சிலருடைய தோலுக்கு அது பகை. இறப்பரைப் பதப்படுத்துவதற்குச் சேர்க்கப்படுகின்ற இரசாயனங்கள் வியர்வையிற் கரைந்து ஒவ்வாமையை எழுப்பும்; முதலில் அரிப்பு, பிறகு சிறு கொப்புளங்கள், அதன்பின் கறுப்பு என்ற வரிசையில் அது வளரும். அரிதாகச் சிலருக்குக் கறுப்புக்குப் பதிலாக வெண்மையே விழுந்துவிடும். 1939 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் இறப்பர்க் கையுறை அணிந்த தொழிலாளரின் கைகள் வெளுத்துப்போன காரணத்தை ஆராய்ந்தவர்கள், இறப்பரில் சேர்க்கப்பட்ட ஹைட்ரோகுவினோன் வகையைச் சேர்ந்த ஓர் இரசாயனமே நிறவணுக்களை அழித்ததென்று கண்டார்கள். செருப்பினால் உண்டானதென்பதற்கு வடிவமே சாட்சி: பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலே தொடங்கி, இரு கிளையாகப் பிரிந்து, வார் சென்ற வழியே செல்கின்ற கறுப்போ வெண்மையோ வேறெதனாலும் உண்டாவது அரிது. செருப்பை மாற்றாமல் எந்த மருந்தைப் பூசினாலும் பலனில்லை. இறப்பர் கலவாத தோற்செருப்பையோ வேறு பொருளாற் செய்த செருப்பையோ அணிந்து, வைத்தியர் கூறும் நாட்களுக்கு மட்டும் களிம்பு பூசினாற் போதும்.

பள்ளிவாசல் ஒழூத் தளத்தின் ஈரத்திலும் வயற்சேற்றிலும் நாள்தோறும் ஊறுகின்ற விரலிடுக்குகளிலே, அதிலும் சிறுவிரலுக்கும் அதன் அடுத்த விரலுக்கும் இடையிலே, தோல் வெளுத்து நைந்து நாறுவதைச் சேற்றுப்புண் என்கிறோம். பூஞ்சைக் கிருமி இதற்குப் பெரும் காரணம். விரலிடுக்குகளை விரலால் கோதிக் கழுவுமாறு கற்பிக்கின்ற சுன்னத்தை நாம் அறிவோம். கழுவியபின் அவ்விடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவதையும் வழக்கமாக்கிக்கொண்டால் பாதி நோய் ஒழியும். பூஞ்சைக்கு உரிய களிம்பை, அரிப்பு நின்றபிறகும் நிறுத்தாமல், சொல்லப்பட்ட வாரங்கள் வரையில் பூசவேண்டும். ஸ்டெரொயிட் கலந்த கூட்டுக் களிம்புகள் இரண்டு நாளில் அரிப்பைத் தணித்து, உள்ளே பூஞ்சையைச் செழிக்கவைத்து, படையை இன்னும் அகலமாகவும் கறுப்பாகவும் பரப்பிவிடும்.

கலியாண வீட்டு மருதோண்டியிலும் எச்சரிக்கை வேண்டும். இலையை அரைத்து இடுகின்ற மருதோண்டி செம்மஞ்சளாகப் பற்றி, நேரம் செல்லச்செல்லச் செங்கபிலமாக ஏறுவதே இயல்பு. இட்ட ஒரு மணி நேரத்திலே மையைப் போலக் கறுக்கின்ற கூம்புகளில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்துக்குரிய பிபிடி என்னும் இரசாயனம் கலந்திருக்கும். மணப்பெண்ணின் புறங்காலில் அது சித்திரத்தின் கோடு கோடாகவே கொப்புளித்து, ஆறியபின் அதே வடிவத்தில் கறுப்பையோ வெளுப்பையோ விட்டுச் செல்வதுண்டு.

எல்லாவற்றிலும் பொல்லாதவை, சேர்மானம் இன்னதென்று குறிக்கப்படாமல் வருகின்ற வெளுக்கவைக்கும் கிறீம்கள். இவற்றுட் சிலவற்றில் இரசமும் கடுமையான ஸ்டெரொயிட்டும் இருக்கின்றன. இரசம் தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டெரொயிட் தோலை மெலியச் செய்து இரத்தக்குழாய்களை வெளியே தெரியவைக்கும். இத்தகைய கிறீம்களில் சேர்கின்ற ஹைட்ரோகுவினோனை வருஷக்கணக்கில் பூசினால், போக்க நினைத்த கறுப்பின் இடத்தில் ஒருவகை நீலக்கருமை நிரந்தரமாகக் குடியேறும். இரசம் சேர்ந்த அழகுப்பொருட்களை உலகத்திலிருந்து அகற்றுவதற்கு மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் நாடுகள் இணங்கியிருப்பது இக்காரணத்தாலேயே.

கணுக்காலில் இரும்பின் நிறம்

உட்கணுவுக்குச் சற்று மேலே கபில நிறமாக, துருவின் சாயலோடு படர்கின்ற நிறமாற்றம் வேறொரு வகை. காலிலிருந்து இரத்தத்தை மேலே இருதயத்துக்குக் கொண்டுசெல்கின்ற நாளங்களில், இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்ற சிறு வால்வுகள் இருக்கின்றன. பிரசவங்களாலும், உடற்பருமனாலும், நாள் முழுவதும் நிற்பதாலும், காலைத் தொங்கவிட்டு அசையாமல் அமர்ந்திருப்பதாலும், பரம்பரையாலும் அவ்வால்வுகள் பழுதடையும்போது, இரத்தம் கணுவில் தேங்கி, மென்குழாய்களின் சுவர் வழியே சிவப்பணுக்கள் வெளியே கசிந்து உடைகின்றன. அவற்றிலுள்ள இரும்பு தோலிலேயே தங்கி விடுகிறது. ஆகவே அக்கபில நிறம் இரும்பின் நிறமேயன்றி வேறன்று. மாலையானால் கால் வீங்குதல், கனத்தல், நாளங்கள் சுருண்டு புடைத்தல், அரிப்பு ஆகியவை இதனுடன் வரும். தறிக்காரர், ஆசிரியர், கடைச் சிப்பந்தி, சமையலறையில் நெடுநேரம் நிற்கும் தாய்மார் ஆகியோர் இதில் விசேஷமாகக் கருத்துச் செலுத்தவேண்டும்.

இந்தக் கபிலத்தைக் களிம்பினால் அழிக்க முற்படுவது வீண்பிரயாசை. தேங்கிய இரத்தத்துக்கு வழி செய்வதே சிகிச்சை. ஓய்வின்போது கால் இருதயத்தின் மட்டத்துக்கு மேலே இருக்குமாறு தலையணை வைத்துப் படுத்தல், நடத்தல், நிற்கும்போதும் அடிக்கடி குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், அழுத்தக் காலுறை அணிதல், அவசியமானால் பழுதான நாளத்தை அடைத்துவிடும் சத்திரசிகிச்சை என்பன அதன் படிகள். அழுத்தக் காலுறையைத் தாமாகவே வாங்கி அணியலாகாது. நாடிக்குழாய் அடைபட்ட காலில் அவ்வழுத்தம் கேடு செய்யுமாதலால், வைத்தியர் பாதத்தின் நாடியைப் பரிசோதித்த பின்னரே அதை அணியவேண்டும். ஒவ்வொரு ஒழூவுக்கும் கழற்றி மாட்டுவது சிரமமாயின், மஸ்ஹுச் செய்யும் சலுகை இதற்குப் பொருந்துமா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. அலட்சியம் செய்தாலோ, அவ்விடம் கெட்டியாகி, ஒருநாள் சிறு கீறலில் தொடங்கிய புண் வருஷக்கணக்கில் ஆறாமல் நிற்கும்.

வெண்மையிலே இரண்டு வழி

தோல் வெளுத்தவுடன் குடும்பமே கலங்குகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. அக்கலக்கத்துக்குப் பழைய காரணம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டிலேயே கொழும்புக்கு வடக்கே ஹெந்தலையில் குஷ்டரோகிகளுக்கென ஆஸ்பத்திரி அமைத்தார்கள். கிழக்கிலே மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு அதே நோக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஊரையும் உறவையும் பிரிந்து நீர்சூழ்ந்த இடத்தில் வாழ்வதென்ற பயம், தோலில் விழுந்த தேமலைக்கூட மூடிமறைக்கும்படி மக்களைப் பழக்கிவிட்டது. காலம் மாறியும் அந்தப் பயம் மாறவில்லை.

பாலைப் போன்ற தூய வெண்மையாக, எல்லை தெளிவாக, பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒத்த இடங்களில் தோன்றுகின்ற வெண்படை, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய நிறவணுக்களையே தாக்குவதனால் உண்டாவது. அது தொற்றாது, உணர்ச்சியைக் கெடுக்காது, கலியாணத்துக்கோ தொழிலுக்கோ தடையாக நியாயமேயில்லை. வைத்தியர் தரும் களிம்புகளும் புறஊதாக் கதிர்ச் சிகிச்சையும் இதற்கு உதவுகின்றன. எகிப்து தேசத்தின் எல் மொஃப்டி என்னும் வைத்தியர், நைல் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு பூண்டின் சத்தையும் சூரிய ஒளியையும் இணைத்து 1940 களில் செய்த சிகிச்சையே, இன்றைய ஒளிச் சிகிச்சைக்கு வழிகாட்டிற்று. விரல் நுனியிலும் பாதத்திலும் விழுந்த வெண்மை, முகத்தில் விழுந்ததைப் போல விரைவாகத் திரும்பாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

மற்றையது குஷ்டம் என்கின்ற தொழுநோய். இதன் படை முழு வெண்மையாக இராது, சுற்றியுள்ள தோலைவிடச் சற்று மங்கியோ சிவந்தோ இருக்கும், அரிப்பு இராது, அங்கே வியர்வையும் உரோமமும் குறைந்திருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக உணர்ச்சி குன்றியிருக்கும். பரிசோதனை மிக எளிது. நோயாளியைக் கண்ணை மூடச் செய்து, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் நல்ல தோலில் ஒருமுறையும் படையில் ஒருமுறையும் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுவார்கள். நல்ல தோலைச் சரியாகக் காட்டுகிறவர், படையைத் தொட்டபோது ஒன்றும் அறியாமல் காத்திருப்பார். பாதத்தின் நரம்பு கெட்டால், செருப்பு கழன்று விழுந்ததும் தெரியாது, முள் தைத்ததும் தெரியாது.

நோர்வேயின் ஹன்சன் 1873 இல் இதன் கிருமியைக் கண்டறிந்தார். இலங்கையில் 1983 முதல் பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சை வழங்கப்படுகிறது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் 1995 இல் நீங்கியதாகக் கணிக்கப்பட்டது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்குக் கீழே நோயாளர் தொகை இறங்கியது என்பதே அதன் பொருள்; நோய் அற்றுப்போயிற்று என்பதன்று. பின்வந்த ஆண்டுகளிலும் வருஷத்துக்குச் சுமார் 1,500 முதல் 2,000 வரையிலான புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. கிருமி புகுந்து அடையாளம் தோன்றுவதற்குச் சராசரி ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூடச் செல்லும். ஐந்து படைகள் வரையிலுள்ளவர்க்கு ஆறு மாதமும் அதற்கு மேற்பட்டவர்க்குப் பன்னிரண்டு மாதமும் மருந்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். தீவில் வைப்பதுமில்லை, வீட்டிலிருந்து பிரிப்பதுமில்லை. மருந்து தொடங்கியபின் விரைவிலேயே தொற்றும் சக்தி போய்விடும். அம்மருந்துகளில் ஒன்றாகிய குளோபசிமின் சருமத்தைச் சற்றுக் கறுக்கச் செய்வதுண்டு. அதைக் கண்டு மிரண்டு இடையிலே நிறுத்துவது பெருந்தவறு. மருந்து முடிந்தபின் அக்கறுப்பு மெல்ல மங்கும். நிறுத்தினவரின் நரம்போ மீளாது.

சீனி வருத்தமும் நாடிக்குழாயும்

இலங்கையின் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் சீனி வருத்தமுடையவர் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களின் கணைக்காலின் முன்பக்கத்தில் வலியற்ற, சற்றுக் குழிந்த கபிலப் புள்ளிகள் சிதறிக் காணப்படலாம். அப்புள்ளிகளுக்கு மருந்து வேண்டாம். ஆனால் அவை இரத்தத்தின் சீனியையும், கண்ணையும், சிறுநீரகத்தையும் பரிசோதிக்கச் சொல்லுகின்ற அறிவித்தல்.

பாதத்தை உயர்த்தினால் வெளுத்து, தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாக மாறி, உரோமம் உதிர்ந்து, தோல் மினுங்கி, தொட்டால் மற்றக் காலைவிடக் குளிர்ந்திருந்து, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளுமானால், நாடிக்குழாய் அடைபட்டு வருகிறது என்று கொள்ளவேண்டும். புகைபிடிப்போருக்கு இது இளவயதிலேயே வரும். பீடியையும் சிகரெட்டையும் விடாமல் இதற்கு வேறு வைத்தியம் செய்வதில் அர்த்தமில்லை. ஒரு விரல் திடீரென நீலித்தாலோ கறுத்தாலோ, கால் திடீரென வெளுத்துக் குளிர்ந்து கடுமையாக வலித்தாலோ, அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காரியம். இரவு கழியட்டும் என்று காத்திருந்தவர்கள் விரலை மாத்திரமன்றிக் காலையே இழந்திருக்கிறார்கள். இத்தகைய காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் ஆகாது. உணர்ச்சி குன்றிய தோல் வெந்துபோவதை நோயாளி அறியமாட்டார்.

இன்னும் ஒன்று அரிதாயினும் மறக்கத்தக்கதன்று. கறுத்த தோலுடையவர்களுக்கு மெலனோமா என்னும் சருமப் புற்று வரின், அது பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் கீழுமே தோன்றும். உலகப் புகழ்பெற்ற ஜமெய்க்கப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரலிலிருந்த காயம் இத்தகைய புற்று என்று 1977 இல் தெரியவந்தது. 1981 இல், முப்பத்தாறு வயதில், அவர் காலமானார். உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி வளர்கின்ற, ஓரம் ஒழுங்கற்ற, பல சாயல்கள் கலந்த கரும்புள்ளியையும், ஒரே நகத்தில் அகன்றுகொண்டே போகின்ற கருங்கோட்டையும் சரும நிபுணர் காணவேண்டும்.

செய்யவேண்டியது

வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்குக் குளிக்கின்ற வெள்ளிக்கிழமையே வசதியானது, வெளிச்சத்தில் அமர்ந்து புறங்கால், உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் ஆகிய நான்கையும் பார்க்கவேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் நாள்தோறும் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். நிறமாற்றம் கண்டால் நான்கு கேள்விகள் போதும்: அங்கே உணர்ச்சி இருக்கிறதா? ஒரு காலில் மட்டுமா, இரண்டிலுமா? வீக்கமோ குளிர்ச்சியோ இருக்கிறதா? நாளுக்கு நாள் வளர்கிறதா? உணர்ச்சியும் சூடும் சரியாயிருந்து, உராய்கின்ற இடத்தில் மட்டும் வருஷக்கணக்காக மாறாமலிருக்கின்ற கறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மற்றவற்றுக்கு வைத்தியர் வேண்டும்.

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியும் கல்முனை வடக்கு ஆதார ஆஸ்பத்திரியும் நம்முடைய கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. உணர்ச்சியற்ற தேமலைப் பற்றிச் சந்தேகமிருப்பவர்கள், பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, ஊருக்கு வருகின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சொன்னாலும் வழி காட்டுவார்கள். போகும்போது இதுவரையில் பூசிய களிம்புகளின் குழாய்களையும், உண்ணுகின்ற மாத்திரைகளின் உறைகளையும், வழக்கமாக அணிகின்ற செருப்பையும் கொண்டுபோனால், வைத்தியருக்குப் பாதி காரணம் அவற்றிலேயே கிடைத்துவிடும். பூசிக்கொண்டிருக்கும் வெளுக்கவைக்கும் கிறீமை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். முகத்திலோ உடம்பின் பெரும்பகுதியிலோ நெடுங்காலம் பூசியவர்கள் மட்டும், திடீரென விடுவதால் தோல் சிவந்து எரியக்கூடுமாதலால், நிறுத்தும் விதத்தையும் வைத்தியரிடமே கேட்டறியட்டும்.